எலும்பு எதுவரை சொல்லும்?

பொலிவியாவின் வாயேகிராந்தே ஊரில், விமான ஓடுதளத்தை ஒட்டிய நிலத்துக்கு அடியிலிருந்து 1997 ஜூன் இறுதியில் ஏழு பேரின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்றில் இரண்டு கைகளும் மணிக்கட்டோடு முடிந்திருந்தன. விரல் எலும்புகள் சிறியவை. முப்பது வருடம் மண்ணில் கிடந்தால் ஒன்றிரண்டு தொலைந்துபோவது இயல்பு. இரு கைகளும் ஒரே இடத்தில் முடிந்துபோவது இயல்பல்ல. சே குவேரா 1967 அக்டோபர் 9 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, கைரேகையை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அவருடைய கைகளை வெட்டி எடுத்தார்கள் என்பது ஏற்கெனவே உலகம் அறிந்த செய்தி. ஆனாலும் அங்கிருந்த அர்ஜென்டினா, கூபா நிபுணர்கள் கையில்லாத கூட்டைக் கண்டதும் பெயரைச் சொல்லிவிடவில்லை. பற்களைப் பழைய பல் மருத்துவப் பதிவுகளோடு வைத்துப் பார்த்தார்கள். முகத்தின் எலும்பு அமைப்பைப் புகைப்படங்களோடு சரிபார்த்தார்கள். பெயர் அதன்பிறகே வந்தது.

தடயவியல் மானிடவியல் என்ற துறை செய்யும் வேலையின் சாரம் இந்த ஒரு நிகழ்வில் இருக்கிறது. எலும்பு ஒருவரைப் பற்றி நிறையவே சொல்லும். ஆணா பெண்ணா, ஏறத்தாழ என்ன வயது, என்ன உயரம், எங்கே அடிபட்டது, அந்த அடி ஆறியதா ஆறவில்லையா என்பதுவரை சொல்லும். பெயரை மட்டும் அது தானாகச் சொல்லாது. பெயர் கிடைக்க வேண்டுமானால், அந்த மனிதர் உயிரோடு இருந்த காலத்தின் பதிவு ஏதாவது ஒன்று எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து சேர வேண்டும். சினிமாவும் தொலைக்காட்சித் தொடர்களும் முதல் பாதியை மந்திரம்போலக் காட்டுகின்றன. இரண்டாவது பாதியைக் காட்டுவதே இல்லை. காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு அந்த இரண்டாவது பாதியைப் பற்றித் தெரிந்திருப்பது மிக அவசியம் என்று நினைக்கிறேன். இதை எழுதக் காரணமும் அதுதான்.

முதலில் எலும்பு என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். உடலில் இருக்கும்வரை அது உயிருள்ள திசு. அதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாது. மிச்சத்தில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரத நார். கான்கிரீட்டுக்குள் கம்பி செய்யும் வேலையை எலும்புக்குள் இந்த நார் செய்கிறது. மெல்லிய எலும்பு ஒன்றை அமிலத்தில் ஊறவைத்துத் தாதுவைக் கரைத்துவிட்டால் கையால் வளைக்கலாம். அதையே நெருப்பிலிட்டு நாரை எரித்துவிட்டால் விரல் பட்டதும் பொடியாகும். மண்ணுக்குள் கிடக்கும் எலும்பில் நார் மெல்ல மெல்ல அழிகிறது. ஓர் எலும்பு உயிருள்ளபோது முறிந்ததா, காய்ந்தபின் முறிந்ததா என்று கண்டுபிடிக்க முடிவது இதனால்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

எலும்பின் வெளிச்சுவர் இறுகியது. முனைகளின் உட்புறத்தில் நுண்ணிய இழைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, எந்தத் திசையில் பாரம் விழுகிறதோ அந்தத் திசையைத் தாங்குகின்றன. இறுகிய பகுதியை மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் வைத்தால், இரத்தக் குழாய் ஒவ்வொன்றையும் சுற்றி வளையங்கள் அமைந்திருப்பது தெரியும். பழைய எலும்பை அரிக்கும் செல்கள் ஒரு பக்கமும் புதிதாகக் கட்டும் செல்கள் இன்னொரு பக்கமும் ஆயுள் முழுக்க வேலை செய்கின்றன. வளர்ந்தவரின் எலும்புக்கூட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கப்படுகிறது. பல்லின் எனாமல் அப்படியல்ல. சிறுவயதில் உருவானதோடு சரி, பிறகு அது மாறுவதே இல்லை. ஆகவே ஒருவர் கடைசியாக வாழ்ந்த ஆண்டுகளின் உணவும் நீரும் எலும்பில் பதிந்திருக்கும், பிள்ளைப் பருவத்தினுடையவை பல்லில் பதிந்திருக்கும்.

பஞ்சாபின் அஜ்னாலாவில் இது பெரிதும் உதவியது. 1857 கிளர்ச்சியின்போது ஆங்கிலேயர்கள் கொன்ற இந்தியச் சிப்பாய்கள் அங்கே ஒரு கிணற்றில் போடப்பட்டதாக அக்கால அதிகாரி ஒருவரின் குறிப்பு இருந்தது. 2014இல் கிணற்றைத் தோண்டி எலும்புகளை எடுத்தார்கள். பிரிவினைக் கலவரத்தில் இறந்தவர்களாக இருக்கலாம் என்ற கருத்தும் எழுந்தது. பற்களின் வேதியியல் அளவுகளையும் டி.என்.ஏ.வையும் ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வு, இறந்தவர்கள் பஞ்சாபிகள் அல்லர், கங்கைச் சமவெளியில் வளர்ந்தவர்கள் என்று காட்டியது. குறிப்பில் சொல்லப்பட்ட படைப்பிரிவுக்கு ஆள் எடுத்த பகுதியும் அதுவே.

இனி ஓர் எலும்பு கிடைத்தால் என்ன செய்வார்கள் என்று பார்க்கலாம். முதல் கேள்வி, இது மனித எலும்பா என்பது. நம் ஊர்களில் கடைக்கால் தோண்டும்போது வெளிப்படும் எலும்புகளில் ஆடு, மாடு, நாயினுடையவையும் இருக்கும். முழு எலும்பாக இருந்தால் பயிற்சி பெற்ற கண்ணுக்கு உடனே தெரியும். துண்டாக இருந்தால்தான் சிக்கல். மாடு, ஆடு, பன்றி போன்ற வேகமாக வளரும் விலங்குகளின் எலும்பு நுண்ணோக்கியில் வரிசை வரிசையான அடுக்குகளாகத் தெரியும். மனித எலும்பில் அந்த அமைப்பு அரிது. தோல் உரித்த கரடியின் பாதம் மனிதக் கையைப் போலவே இருக்கும் என்பதால் அமெரிக்கக் காவல்துறையினர் அடிக்கடி ஏமாறுவதுண்டு. இதற்கு நேர்மாறான தவறுதான் அதிகக் கவலைக்குரியது. பிறந்த குழந்தைக்கு 270க்கும் மேற்பட்ட தனித்தனி எலும்புத் துண்டுகள் இருக்கும். அவை வளர வளர ஒட்டிக்கொண்டு 206 ஆகின்றன. அந்தச் சின்னத் துண்டுகளைக் கோழி எலும்பென்றோ கூழாங்கல்லென்றோ எண்ணி ஒதுக்கிவிட்டால், ஒரு குழந்தை அந்தப் புதைகுழியில் இருந்த தடயமே இல்லாமல் போய்விடும். தோண்டிய மண் முழுவதையும் சல்லடையில் சலிக்க வேண்டும் என்பதை விதியாக வைத்திருப்பது இதற்காகத்தான்.

அடுத்த கேள்வி, எத்தனை பேர் என்பது. மூன்று இடது தொடை எலும்புகள் கிடைத்தால் குறைந்தது மூன்று பேர். இங்கே ‘குறைந்தது’ என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் 1995 ஜூலையில் 8,000க்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர். கொன்றவர்கள் சில மாதங்களில் திரும்பி வந்து, குற்றத்தை மறைக்கப் புதைகுழிகளை மண்வாரி இயந்திரங்களால் தோண்டி, உடல்களை லாரிகளில் ஏற்றி வேறு வேறு குழிகளில் கொட்டினார்கள். ஒரே மனிதரின் எலும்புகள் பல குழிகளில், கிலோமீட்டர் கணக்கான தூரத்தில் சிதறின. எலும்பை எலும்போடு பொருத்திப் பார்க்கும் பழைய முறை அங்கே திணறியது. காணாமல்போனோருக்கான சர்வதேச ஆணையம் 2001இலிருந்து டி.என்.ஏ.வை முதன்மைக் கருவியாக்கி, உறவினர்களின் இரத்த மாதிரிகளைப் பெருமளவில் சேகரித்தது. இன்று ஏறக்குறைய 7,000 பேருக்குப் பெயர் கிடைத்திருக்கிறது. ஆனால் குடும்பங்கள் ஒரு கொடிய முடிவை எடுக்க வேண்டியிருந்தது. கிடைத்த சில எலும்புகளை இப்போதே அடக்கம் செய்வதா, மிச்சமும் கிடைக்கட்டும் என்று காத்திருப்பதா? அடக்கம் செய்த பிறகு இன்னோர் எலும்பு கிடைத்து, கல்லறையை மறுபடி திறந்த குடும்பங்கள் பல.

ஆணா பெண்ணா என்பதற்கு இடுப்பெலும்புதான் முதல் சாட்சி. குழந்தை வெளிவரும் பாதை அதன் வழியாகப் போவதால் பெண்ணின் இடுப்பு அகன்றது. முன்புறம் இரு எலும்புகள் சந்திக்கும் இடத்துக்குக் கீழுள்ள கோணம் பெண்ணுக்கு விரிந்தும் ஆணுக்குக் குறுகியும் இருக்கும். பின்புறமுள்ள பெரிய வளைவும் அப்படியே. 1969இல் ஃபெனிஸ் என்ற ஆய்வாளர் அந்த முன்பகுதியில் மூன்று அடையாளங்களைச் சுட்டினார். இடுப்பு முழுதாகக் கிடைத்து, பார்ப்பவரும் தேர்ந்தவராக இருந்தால் நூற்றில் 95 அளவுக்குச் சரியாகச் சொல்லலாம். மண்டையோட்டை மட்டும் வைத்துச் சொல்வது அவ்வளவு உறுதியில்லை. புருவ மேடு, காதுக்குப் பின்னுள்ள புடைப்பு, தாடையின் வடிவம் எல்லாம் மக்களுக்கு மக்கள் மாறுபடும். பருவமெய்தாத பிள்ளைகளிடம் இடுப்பும் இன்னும் பிரிந்து வளர்ந்திருக்காது. ஆகவே ஐந்து வயதுப் பிள்ளையின் எலும்பைப் பார்த்து ஆண், பெண் என்று எவராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம். டி.என்.ஏ. சொல்லலாம், கண் சொல்ல முடியாது.

ஒரு பெண் பிள்ளை பெற்றவரா என்பதையும் இடுப்பெலும்பு சொல்லும் என்று நெடுங்காலம் நம்பினார்கள். இந்த நம்பிக்கை நீதிமன்றம்வரை சென்றது. அர்ஜென்டினாவின் இராணுவ ஆட்சி 1976இலிருந்து 1983வரை ஆயிரக்கணக்கானோரைக் கடத்திக் கொன்றது. கர்ப்பிணிகளைப் பிரசவம்வரை உயிரோடு வைத்திருந்து, குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு தாயைக் கொன்றார்கள். பேரப்பிள்ளைகளைத் தேடிய பாட்டிமார் அமைப்பின் முயற்சியால் 1984இல் அங்கே சென்ற அமெரிக்க மானிடவியலாளர் கிளைட் ஸ்னோ, உள்ளூர் மாணவர்களைச் சேர்த்துத் தோண்டக் கற்றுக்கொடுத்தார். அந்த மாணவர்களிலிருந்து உருவானதுதான் இன்று உலகெங்கும் அழைக்கப்படும் அர்ஜென்டினா தடயவியல் மானிடவியல் குழு. 1985இல் இராணுவத் தலைவர்கள் மீதான விசாரணையில் ஸ்னோ ஓர் இளம்பெண்ணின் எச்சங்களைப் படங்களில் காட்டி, அவர் மிக அருகிலிருந்து சுடப்பட்டதையும், அதற்கு முன் பிரசவித்திருந்ததையும் விளக்கினார். அந்த வழக்கில் அதற்கு வேறு சான்றுகளும் இருந்தன. ஆனால் இடுப்பெலும்பின் குழிகள் பிள்ளை பெறாதவர்களிடமும் உண்டு, பெற்ற சிலரிடம் இல்லை என்று பிற்கால ஆய்வுகள் காட்டிவிட்டன. அந்த அடையாளத்தை மட்டும் நம்பி இன்று எவரும் முடிவு சொல்லக் கூடாது. ஸ்னோவின் மேல் எனக்குள்ள மதிப்பை இது துளியும் குறைக்கவில்லை. எலும்பியல் தன் அளவுகோல்களைத் தானே திருத்திக்கொள்ளும் துறை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

வயதை அறிவது பிள்ளைகளிடம் எளிது, பெரியவர்களிடம் கடினம். முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் ஆறு வயதளவிலும், இரண்டாவது பன்னிரண்டு வயதளவிலும் முளைக்கும். தாடைக்குள் இன்னும் முளைக்காமல் இருக்கும் பற்களை எக்ஸ்ரேயில் பார்த்தால் இன்னும் நெருங்கலாம். பதின்ம வயதில் நீண்ட எலும்புகளின் முனைகள் நடுத்தண்டோடு ஒட்டிக்கொள்ளத் தொடங்கும். பெண்களுக்கு ஓரிரு ஆண்டு முன்னதாகவே ஒட்டும். எல்லாவற்றுக்கும் கடைசியாக ஒட்டுவது காறை எலும்பின் உள்முனை. பதின்ம வயதின் இறுதியில் தொடங்கி முப்பதை ஒட்டித்தான் அது முழுமையடையும். அந்த முனை ஒட்டாமல் இருந்தால் இறந்தவர் இளைஞர் என்று துணிந்து சொல்லலாம்.

அதன் பிறகு எலும்பில் வளர்ச்சி இல்லை, தேய்மானம்தான். இடுப்பின் இரு பாதிகள் முன்னால் சந்திக்கும் முகப்பில் இளமையில் வரிவரியாக மேடுபள்ளம் இருக்கும். வயதாக ஆக அது வழவழப்பாகி, ஓரம் கட்டி, பிறகு சிதையும். டாட் என்பவர் 1920இல் இதை வகைப்படுத்தினார். 1990இல் வெளியான சூச்சி-புரூக்ஸ் முறை ஆறு நிலைகளாகப் பிரிக்கிறது. அதன்படி ஆண்களுக்கு முதல் நிலையென்றால் 15இலிருந்து 23 வயதுக்குள். ஆறாம் நிலையென்றால் 34இலிருந்து 86க்குள். ஐம்பது ஆண்டு இடைவெளி! நேர்மையான அறிக்கை இப்படித்தான் இருக்கும். ‘இறந்தவருக்கு வயது 47’ என்று செய்தித்தாளில் படித்தால், அந்த எண் எலும்பிலிருந்து வந்திருக்க வழியில்லை.

உயரத்துக்குச் சூத்திரங்கள் உண்டு. மில்ட்ரெட் ட்ராட்டரும் கோல்டின் கிளெசரும் 1952இல் வெளியிட்டவை அதிகம் பயன்பட்டவை. வெள்ளையின ஆண்களுக்கான அவர்களுடைய சூத்திரப்படி, தொடை எலும்பின் நீளத்தை 2.38ஆல் பெருக்கி 61.41ஐக் கூட்ட வேண்டும். எலும்பு 45 செ.மீ. என்றால் உயரம் 168.5 செ.மீ. இதிலும் திட்டப் பிழை 3.27 செ.மீ. இருக்கிறது. அதாவது 162இலிருந்து 175வரை எதுவாகவும் இருக்கலாம். இந்த எண்கள் இரண்டாம் உலகப் போரில் இறந்த அமெரிக்கப் படைவீரர்களின் எலும்புகளையும் ஓர் அமெரிக்கச் சேகரிப்பையும் அளந்து பெறப்பட்டவை. காலுக்கும் உடலுக்குமான விகிதம் எல்லா மக்களுக்கும் ஒன்றல்ல. யாழ்ப்பாணத்தவருக்கோ மதுரைக்காரருக்கோ இதை அப்படியே போட்டால் கணக்குப் பிசகும். அந்தந்த மக்களை அளந்து பெற்ற சூத்திரம் வேண்டும். குடும்பத்தார் சொல்லும் உயரமும் பெரும்பாலும் ஊகம்தான். ‘என்னைவிடக் கொஞ்சம் உயரம்’ என்றுதான் ஒரு தாய் சொல்வார், அதையும் மதித்து எழுதிக்கொள்ள வேண்டும்.

மண்டையோட்டை அளந்து ஒருவர் எந்த இனத்தவர் என்று சொல்லும் பழக்கமும் இத்துறையில் உண்டு. அதன் அடிப்படையே இன்று கேள்விக்குள்ளாகியிருக்கிறது. ஒரே தீவில் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்த மக்களைப் பிரித்துச் சொல்ல அது உதவாது.

காயங்களுக்கு வருவோம். உயிரோடு இருக்கும்போது முறிந்த எலும்பு சில வாரங்களில் புது எலும்பைக் கட்டத் தொடங்கும். அந்தத் தழும்பு பல ஆண்டுகளுக்கு மறையாது. சிறுவயதில் மரத்திலிருந்து விழுந்து கை முறிந்த தகவல் அடையாளம் காணப் பயன்படுவது இப்படித்தான். இறக்கும் தறுவாயில் முறிந்ததில் ஆறிய சுவடு இருக்காது. நார் இன்னும் இருப்பதால் எலும்பு வளைந்து, கூரிய வழவழப்பான விளிம்போடு முறியும், விளிம்பின் நிறமும் மேற்பரப்பின் நிறமும் ஒன்றாக இருக்கும். காய்ந்தபின் மண்வெட்டி பட்டு உடைந்தால் விளிம்பு சொரசொரப்பாகவும் வெளிறியும் இருக்கும். இதில் ஒரு நுட்பம் உண்டு. இறந்த பின்னும் பல வாரங்களுக்கு எலும்பு ஈரமாகவே இருக்கும். ஆகவே ‘இறப்பை ஒட்டிய காயம்’ என்று அறிக்கை சொன்னால், அது எலும்பின் நிலையைச் சொல்கிறது. உயிர் பிரிந்த நொடியைச் சொல்லவில்லை.

தலையில் குண்டு பாய்ந்திருந்தால் அது நுழைந்த துளை வெளியே சிறிதாகவும் உள்ளே அகன்றும் இருக்கும், வெளியேறிய துளையில் இது தலைகீழாகும். எந்தப் பக்கமிருந்து சுட்டார்கள் என்பது இதிலிருந்து தெரியும். இரண்டு முறை சுட்டிருந்தால், இரண்டாவது குண்டின் விரிசல்கள் முதல் குண்டின் விரிசலைத் தொட்டதும் நின்றுவிடும். எது முதலில், எது பின்னால் என்பதும் தெரிந்துவிடும். சண்டையில் இறந்தாரா, முழங்காலிட வைத்துப் பின்னாலிருந்து சுடப்பட்டாரா என்ற கேள்வி நீதிமன்றத்தில் எழும்போது இந்த விளிம்புகள் மிகுந்த எடை பெறுகின்றன. அதே சமயம், வயிற்றில் குத்துப்பட்டோ, நஞ்சாலோ, நீரில் மூழ்கியோ, பட்டினியாலோ இறந்தவரின் எலும்பில் பெரும்பாலும் அடையாளமே இருக்காது. எலும்பில் காயமில்லை என்பதை வைத்து ‘கொலை நடக்கவில்லை’ என்று எவரும் வாதிட இடம் கொடுக்கக் கூடாது.

எப்போது இறந்தார் என்பது இத்துறையின் மிகக் கடினமான கேள்வி. அமெரிக்காவின் டென்னசியில் 1977 டிசம்பரில் பழைய கல்லறை ஒன்று கலைக்கப்பட்டு, அதன்மேல் தலையற்ற உடல் கிடந்தது. சதை இளஞ்சிவப்பு நிறம் மாறாமல் இருந்தது. புகழ்பெற்ற மானிடவியலாளர் வில்லியம் பாஸ் ஆராய்ந்து, இருபதுகளின் நடுவிலுள்ள ஆண், இறந்து ஓராண்டுகூட ஆகியிருக்காது என்றார். வயது சரி. காலம்தான் ஏறக்குறைய 113 ஆண்டுகள் பிசகிவிட்டது. உடல் 1864இல் உள்நாட்டுப் போரில் இறந்த, அந்தக் கல்லறைக்குச் சொந்தக்காரரான கர்னலுடையதுதான். பதப்படுத்தப்பட்டு, காற்றுப் புகாத இரும்புப் பெட்டியில் வைக்கப்பட்டிருந்ததால் அழுகவில்லை. பாஸ் இதை மறைக்காமல் எல்லோருக்கும் சொன்னார். நாக்ஸ்வில்லில், தானமாக வரும் உடல்கள் எப்படிச் சிதைகின்றன என்பதைத் திறந்த வெளியில் ஆராயும் நிலையத்தை அமைத்தார். முதல் உடல் 1981இல் வந்தது. இன்று சிதைவு பற்றி நாம் அறிந்ததில் பெரும்பங்கு அங்கிருந்து வந்தது. நம் வெப்பத்துக்கும் மழைக்கும் அந்தக் கணக்கும் அப்படியே பொருந்தாது. இங்கே வெளியில் கிடக்கும் உடல் சில வாரங்களிலேயே எலும்பாகிவிடும்.

பல்லாண்டுகள் கடந்த எலும்புக்குக் கதிரியக்கக் கார்பன் சோதனை உண்டு. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றிலுள்ள கார்பன்-14 அளவை ஏறக்குறைய இருமடங்காக்கின. அதற்குப்பின் வாழ்ந்தவர்களின் உடலில் அந்தச் சுவடு உண்டு. எலும்பு அண்மைக் காலத்ததா, பழங்காலத்ததா என்ற சந்தேகத்தை இதனால் தீர்க்கலாம். இலங்கையின் மன்னாரில் சதொச விற்பனை நிலையக் கட்டடத்துக்காக நிலம் தோண்டியபோது 2018இல் வெளிப்பட்ட புதைகுழியில், குழந்தைகள் உட்பட 300க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் கிடைத்தன. சில மாதிரிகள் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலுள்ள ஆய்வகத்துக்குப் போயின. அவை 1404க்கும் 1635க்கும் இடைப்பட்ட காலத்தவை என்று 2019இல் முடிவு வந்தது. காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காகக் காத்திருந்த குடும்பத்தினர் பலர் இதை ஏற்கவில்லை. அவர்களுடைய ஐயத்தை அறியாமை என்று தள்ளிவிடுவது சரியல்ல. கார்பன் சோதனை அனுப்பப்பட்ட மாதிரியின் காலத்தைச் சொல்லும். குழி முழுவதும் ஒரே காலத்ததுதானா என்பதற்கு மண் அடுக்கு, உடல்கள் கிடந்த விதம், கூடக் கிடைத்த பொருள்கள் எல்லாவற்றையும் பதிவு செய்து, விளக்கமாக வெளியிட வேண்டும். விஞ்ஞானம் நம்பப்படுவது அதைச் செய்த முறை எல்லோர் கண்ணிலும் படும்போதுதான்.

இனி அந்த இரண்டாவது பாதி. ஆஷ்விட்ஸ் மருத்துவன் ஜோசப் மெங்கலே வேறொருவர் பெயரில் பிரேசிலில் புதைக்கப்பட்டிருப்பதாகத் தெரிந்து, 1985 ஜூனில் எம்பு கல்லறையைத் தோண்டினார்கள். ஜெர்மானிய நிபுணர் ரிச்சர்ட் ஹெல்மர் மண்டையோட்டின் படத்தையும் மெங்கலேயின் புகைப்படங்களையும் வீடியோத் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திக் காட்டினார். பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். ஆனால் உறுதியான முடிவு 1992இல் டி.என்.ஏ. சோதனைக்குப் பிறகே வந்தது. இந்தப் பொருத்தும் முறை 1935இல் பிரிட்டனின் ரக்ஸ்டன் கொலை வழக்கிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. இந்தியாவிலும் பெரிதும் கையாளப்பட்டது. பொருந்தாவிட்டால் ‘இவர் அல்லர்’ என்று சொல்லலாம். பொருந்தினால் ‘இவராக இருக்கலாம்’ என்பதோடு நிறுத்த வேண்டும். 2022இல் பொள்ளாச்சி வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும், டி.என்.ஏ. போன்ற வேறு நம்பத்தக்க சான்றின்றி இதை மட்டும் வைத்துத் தண்டிப்பது ஆபத்து என்றது.

உறுதியான வழிகள் சில உண்டு. பல் மருத்துவப் பதிவு ஒன்று. நெற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றறையின் வடிவம் ஆளுக்கு ஆள் வேறு என்பதால், பழைய தலை எக்ஸ்ரே இருந்தாலும் போதும். உடலில் பொருத்திய உலோகத் தகட்டில் வரிசை எண் இருந்தால் மருத்துவமனைப் பதிவேட்டைத் தேடலாம். டி.என்.ஏ. எடுக்க, காதின் உட்புறத்தைச் சூழ்ந்த கெட்டியான எலும்பும் பற்களும் தொடை எலும்பின் தண்டும் சிறந்தவை. வெண்மையாகும் அளவுக்கு எரிந்த எலும்பில் பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது. அப்படி எடுத்த டி.என்.ஏ.வும் தனியாக நின்றால் எண்களின் வரிசை மட்டுமே. ஒப்பிட உறவினரின் மாதிரி வேண்டும். பெற்றோர் இல்லாத நிலையில் பேரப்பிள்ளையைப் பாட்டி தாத்தாவோடு இணைக்கும் கணக்கை மேரி-கிளேர் கிங் அர்ஜென்டினாப் பாட்டிமாருக்காக உருவாக்கிக் கொடுத்தார். அந்நாடு 1987இல் இதற்கென்றே மரபணு வங்கி அமைக்கச் சட்டம் இயற்றியது.

யாழ்ப்பாணத்துக்கு அருகே செம்மணியில் பலநூறு பேர் புதைக்கப்பட்டதாக, கொலை வழக்கில் தண்டனை பெற்ற ஒரு படைச் சிப்பாய் 1998இல் நீதிமன்றத்தில் சொன்னார். 1999இல் தோண்டியபோது 15 பேரின் எச்சங்கள் கிடைத்தன. அடையாளம் காணப்பட்டவர்கள் இருவர். பிறகு கால் நூற்றாண்டு அமைதி. 2025 தொடக்கத்தில் சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலையின்போது மீண்டும் எலும்புகள் தென்பட்டன. நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த அகழ்வில் அவ்வாண்டுக்குள் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. பிள்ளைகளுடையவையும் அவற்றில் உண்டு. பள்ளிக்கூடப் பை, விளையாட்டுப் பொம்மை, பால் போத்தல் கிடைத்தன. கிடைத்த பொருள்களை ஆகஸ்டில் மக்கள் பார்வைக்கு வைத்து, அடையாளம் காட்டக் கேட்டார்கள்.

அந்தப் பொருள்கள் வழிகாட்டும், ஆனால் தீர்ப்பு ஆகா. ஒரே கடையில் ஒரே நிறப் பையை நூறு வீட்டார் வாங்கியிருப்பார்கள். கொசோவோவில் உடையைப் பார்த்து அடையாளம் சொல்லி உடல்களை ஒப்படைத்தபோது சில குடும்பங்கள் அயலார் பிள்ளையை அடக்கம் செய்த துயரம் பின்னாளில் தெரியவந்தது. 1990களின் யாழ்ப்பாணத்தில் எத்தனை பேருக்குப் பல் எக்ஸ்ரே இருந்திருக்கும்? இருந்தாலும் இடப்பெயர்வில் எது தப்பியிருக்கும்? அங்கே இரண்டாவது பாதி என்பது அநேகமாகக் குடும்பத்தின் நினைவும் இரத்தமும் மட்டுமே. ஆனால் பிள்ளைகளைத் தேடித் தெருவில் இருந்த தாய்மாரும் தந்தையரும் பலர் விடை தெரியாமலே இறந்துவிட்டார்கள். எலும்புகள் இன்னும் பல பத்தாண்டு மண்ணில் தாக்குப்பிடிக்கலாம், பெற்றோருக்கு அந்த அவகாசம் இல்லை. அகழ்வு முடியட்டும், அறிக்கை வரட்டும் என்று காத்திராமல், சுயேச்சையான, நம்பத்தக்க ஏற்பாட்டின் கீழ் அவர்களுடைய மாதிரிகளை இப்போதே எடுத்துப் பாதுகாக்க வேண்டும் என்பதுதான் என் அழுத்தமான கருத்து.

குடும்பங்கள் தாங்களாகவே செய்யக்கூடியவையும் உண்டு. நினைவில் இருப்பதை எழுதி வைக்கலாம். எந்தக் கை எப்போது முறிந்தது, எந்தப் பக்கத்துப் பல் விழுந்தது, பல்லில் பல் ஏறியிருந்ததா, என்ன அறுவைச் சிகிச்சை நடந்தது என்பவை உயரத்தையும் நிறத்தையும்விடப் பயன்படும். சிரித்தபடி பல் தெரியும் புகைப்படம் மற்றப் படங்களைவிட மதிப்புள்ளது. பிள்ளையின் விழுந்த பால் பல்லை யாராவது பத்திரப்படுத்தியிருந்தால் அதிலிருந்தே டி.என்.ஏ. எடுக்க முடியலாம். மாதிரி கொடுப்பதில் தாயும் தந்தையும் முதலில் வர வேண்டும். அடுத்து, காணாமல் ஆக்கப்பட்டவரின் பிள்ளைகள், கூடவே அப்பிள்ளைகளின் மற்றப் பெற்றோர். பிள்ளை ஒவ்வொரு பெற்றோரிடமிருந்தும் சரிபாதி டி.என்.ஏ.வைப் பெறுகிறது. உடன்பிறந்தவர்களுக்கிடையே அந்தப் பங்கு கூடலாம், குறையலாம். அதனால் ஒரு தாயின் மாதிரிக்கு ஈடாக இரண்டு மூன்று உடன்பிறந்தவர்களின் மாதிரிகள் தேவைப்படும். தாய்வழியாக மட்டுமே இறங்கிவரும் இன்னொரு வகை டி.என்.ஏ.வும் உண்டு. அதற்குத் தாய்மாமனோ சகோதரியின் பிள்ளைகளோ போதும். அவர்கள் டொரன்டோவிலோ பாரிஸிலோ இருந்தாலும் கன்னத்தின் உட்புறத்தில் தேய்த்தெடுக்கும் பஞ்சுக்குச்சி மாதிரியை உரிய அமைப்பின் வழியாக அங்கிருந்தே கொடுக்க முடியும்.